ஹாட் டப்புக்கு கீசர் லைன் போதுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், நால்வர் அமரும் வெந்நீர்த் தொட்டி (ஹாட் டப்) வைக்க விரும்புகிறோம். குளியலறைக் கீசர் லைனிலிருந்தே இணைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் விற்பனையாளர். தனி லைன் வேண்டும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?

பதில்: எலக்ட்ரீஷியன் சொல்வதே சரி. 2,000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குள் இழுத்து, தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். தொட்டியில் 3,000 வாட் ஹீட்டரும், பம்பும் காற்றுக் குமிழி விடும் புளோயருமாக இன்னொரு 1,500 வாட்டும் இருந்தால் ஏறத்தாழ 20 ஆம்பியர் ஆகும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 12 யூனிட் வேண்டும் என்பதால், ஹீட்டர் நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடும். சுவருக்குள் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் கீசர் ஒயர் அந்தச் சூட்டைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். மெயின் போர்டிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுத்து, தயாரிப்பாளர் குறிப்பில் உள்ள அளவில் எம்சிபி (பளு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். இந்தப் பளுவை உங்கள் மின் இணைப்பு தாங்குமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

எம்சிபி காப்பது ஒயரைத்தான். ஈரத்தில் நிற்பவரின் உயிருக்கு ஆபத்தான மின்கசிவு, 32 ஆம்பியர் எம்சிபியின் கண்ணில் படவே படாது. ஆளைக் காப்பது, மின்கசிவு தெரிந்ததும் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆனால் பழைய வீடுகளில் ஒரு லைனின் நியூட்ரலை (மின்சாரம் திரும்பிவரும் ஒயரை) இன்னொரு லைனின் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். அதனால் ஆர்சிசிபி மாட்டியதும் காரணமில்லாமல் விழுவதுபோல் தோன்றும், உடனே 'இது தொல்லை' என்று அதைக் கழற்றிவிடுவார்கள். கழற்ற வேண்டியது அந்த முறுக்கலைத்தான். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

தொட்டியருகே உள்ள இரும்புக் கைப்பிடி, உலோகக் குழாய் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து எர்த்துக்குக் கொண்டுபோக வேண்டும். சித்திரை, வைகாசியில் நம்மூர் மண் காய்ந்து எர்த்தின் தடை ஏறும் என்பதால், அந்த மாதங்களில் எர்த்து குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். (அந்த வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும்போது ஹாட் டப் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.) ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச், தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டாதபடி 2 மீட்டருக்கு மேல் தள்ளி, ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டு, போர்டை அதற்கும் மேலே வையுங்கள்.

கேள்வி: அமெரிக்கத் தயாரிப்பு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அங்குள்ள பெரும்பாலான பெரிய தொட்டிகள் 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை, சிலவற்றின் உள் பாகங்கள் 120 வோல்ட்டில் ஓடும். நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த 120 வோல்ட் பாகங்களைக் கொடுத்தால் எரிந்துவிடும். மோட்டாரும் வேகம் குறைந்து ஓடும். முன்பணம் கொடுக்கும் முன், வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் பொறித்த தகட்டின் புகைப்படத்தையும் ஒயரிங் வரைபடத்தையும் வாங்கி, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.