போல்ட்டைத் தூக்காத காந்தம்

அன்புள்ள ஐயா,

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்கானிக் பொருளில் காந்தப் படலம் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குத் தெரிந்த காந்தமெல்லாம் ஃபெர்ரைட், நியோடிமியம். நல்ல காந்தமா என்று பார்க்க ஒரு போல்ட்டை ஒட்டவைத்து இழுத்துப் பார்ப்போம். இந்தக் காந்தம் போல்ட்டைத் தூக்குமா? தூக்காது என்றால் அதை வைத்து என்ன செய்வது? ஆர்கானிக் என்றால் இயற்கைப் பொருளா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தூக்காது. காந்த வலுவை காஸ் (gauss) என்ற அலகில் அளப்பார்கள். முழுதாகக் காந்தமேறிய இரும்புக்கு சுமார் 21,000 காஸ் என்றால், நான் எழுதிய வனேடியம் டெட்ராசயனோஎத்திலீன் படலத்துக்கு 95 காஸ்தான். இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதுவும் மெல்லிய படலம். மோட்டாருக்கு உதவவே உதவாது.

ஆர்கானிக் என்பது இங்கே வேதியியல் சொல். கார்பன் சேர்மம் என்று பொருள். இயற்கை விவசாயத்தோடு சம்பந்தமில்லை. டெட்ராசயனோஎத்திலீனை டி.சி.என்.ஈ. என்று சுருக்கிச் சொல்வார்கள். எத்திலீன் மூலக்கூறில் உள்ள 4 ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு 4 சயனோ (கார்பன்-நைட்ரஜன்) தொகுதிகளை வைத்தது அது. ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். வெறுங்கையால் தொடுகிற சாமான் இல்லை.

காந்தத்தன்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எனக்கு இப்போதும் வியப்புதான். வனேடியம் உலோகத்தைத் தனியாக எடுத்தால் அது காந்தமே இல்லை. ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். இந்தச் சேர்மத்தில் ஒவ்வொரு வனேடியத்திலும் அப்படி 3. பக்கத்தில் இருக்கும் டி.சி.என்.ஈ. மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒன்று. ஒரு வனேடியத்துக்கு சுமார் 2 மூலக்கூறு. கயிறு இழுக்கும் போட்டிபோல 3 பேர் ஒரு பக்கம், 2 பேர் எதிர்ப்பக்கம். மிச்சம் ஒருவர் பலம். அந்த மிச்சம்தான் வெளியே தெரியும் காந்தம். வலு குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த இரண்டு பேரும் கார்பன் மூலக்கூறின் மேல் நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். காந்தம் என்றால் உலோக அணுவின் வேலை மட்டுமே என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

வேதியியலாளர் ஜோயல் மில்லரும் இயற்பியலாளர் ஆர்தர் எப்ஸ்டீனும் 1980களில் இதே டி.சி.என்.ஈ.யை ஓர் இரும்புச் சேர்மத்தோடு சேர்த்துக் காந்தம் செய்திருந்தார்கள். அது 4.8 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) கீழேதான் காந்தம். திரவ ஹீலியம் இல்லாமல் நடக்காது. 1991இல் இரும்புக்குப் பதில் வனேடியத்தைப் போட்டார்கள். அறை வெப்பத்திலேயே காந்தம். எந்த வெப்பத்தில் காந்தத்தன்மை போகிறது என்று நேரடியாக அளக்க முடியவில்லை, ஏனென்றால் சுமார் 77 டிகிரி செல்சியஸ் வந்ததும் பொருளே சிதையத் தொடங்கியது.

சரி, அதை வைத்து என்ன செய்வது என்ற உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். சாட்டையை இழுத்துப் பம்பரத்தை விட்டதும் அது முதலில் தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றும். அப்புறம் ஆட்டம் அடங்கி நேராக நின்று சுற்றும். பம்பரம் தூங்குது என்போமே, அது. காந்தத்துக்குள்ளும் இதே கதைதான். காந்தமுனை ஒரு திசையில் நிற்கிறது. மைக்ரோவேவ் சமிக்ஞையால் ஒரு தட்டுத் தட்டினால் நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை தலையாட்டிச் சுற்றி, மெல்ல அடங்குகிறது. எவ்வளவு நேரம் அடங்காமல் சுற்றுகிறது என்பதுதான் அதிவேக மின்னணுவியலில் காந்தத்தின் தரம். அங்கே போல்ட்டைக் கொண்டு யாரும் சோதிப்பதில்லை.

இரும்பு-நிக்கல் கலவையான பெர்மலாயில் அந்த ஆட்டம் சுமார் 20 சுற்றில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நம் ஆர்கானிக் படலத்தில் அளந்த தணிவு எண்ணை (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று காட்டும் எண்) வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 4,000 சுற்று! 95 காஸ் வைத்திருக்கும் ஒரு படலம் இதைச் செய்கிறது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இலும் 2019இலும் வெளியிட்ட அளவீடுகளைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்தத் துறையின் ராஜா யிட்ரியம் இரும்பு கார்னெட். ஆய்வாளர்கள் 'யிக்' என்பார்கள். 1950களிலிருந்து மைக்ரோவேவ் ஃபில்டர், ஆசிலேட்டர் எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் நல்ல யிக் படலம் வேண்டும் என்றால் கடோலினியம் காலியம் கார்னெட் என்ற விலை கூடிய படிகத்தின் மேல், 800, 900 டிகிரியில் வளர்க்க வேண்டும். சிலிக்கன் சிப்பின் உலோகக் கம்பிகள் 450 டிகிரியைத் தாண்டினாலே கெட்டுப்போகும். அதனால் யிக் சிப்புக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஆர்கானிக் படலத்துக்கு வெறும் 50 டிகிரி போதும். சூடான கண்ணாடிக் குழாயில் இரண்டு பக்கமிருந்தும் ஆர்கான் வாயு இரண்டு ஆவிகளைச் சுமந்து வருகிறது. நடுவில் சந்திக்கிற இடத்தில் கறுப்பாகப் படிகிறது. அடியில் கண்ணாடி இருந்தாலும் சரி, சிலிக்கன் இருந்தாலும் சரி. முடித்த சிப்பின் மேலேயே காந்தத்தை வளர்க்கலாம் என்ற ஆசை இங்கிருந்துதான் வருகிறது.

ஸ்பின்ட்ரானிக்ஸில் வேறொரு பயன். இது காந்தம் மட்டுமில்லை, குறைக்கடத்தியும்கூட. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் சுழற்சித் திசையையும் தகவலாகப் பயன்படுத்துவதுதான் அந்தத் துறை. 2010இல் எப்ஸ்டீன் குழு இந்தப் படலத்தையே மின்முனையாக வைத்து, ரூப்ரீன் என்ற ஆர்கானிக் அடுக்கு வழியாக எலெக்ட்ரான்களின் சுழற்சித் திசையைக் கண்டறிந்து காட்டியது.

குறை பெரியது. காற்று பட்டால் சில மணி நேரத்தில் காந்தம் போய்விடும். அதனால் காற்றுப் புகாமல் ஆர்கான் நிரப்பி, கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்யும் பெட்டிக்குள்தான் எல்லாம். ஓ.எல்.இ.டி. திரைகளைக் காப்பதுபோல, கண்ணாடித் தகட்டை எபாக்சியால் ஒட்டி மூடியபோது ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியது. கடையில் விற்கும் கருவிக்கு ஒரு மாதம் எந்த மூலைக்கு? இங்கேதான் இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது. 77 டிகிரி வரம்பும் எனக்குக் கவலைதான். வேலை செய்யும் சிப்புகள் அதைவிடச் சூடாவது சாதாரணம்.

இன்னொன்று. மில்லர் காட்டும் பழைய படம் ஒன்று உண்டு. கறுப்புத் தூள் ஒரு சமேரியம்-கோபால்ட் காந்தத்தை நோக்கி இழுபட்டு நிற்கும். அறை வெப்பத்தில் எடுத்தது. இந்தச் சேர்மம் போல்ட்டைத் தூக்காது, ஆனால் நல்ல காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் பட்டறைச் சோதனையைத்தான் அவர்கள் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்.

அன்புடன்.