காங் யாட்சே பேஸ் கேம்ப்ல அந்த ஒரு நாள் என்ன பண்றது?

கேள்வி: ஆகஸ்ட்ல லடாக்ல காங் யாட்சே 2 ஏறப் போறேன், இதான் என் முதல் 6000 மீட்டர் மலை. பேஸ் கேம்ப்ல ஒரு நாள் சும்மா இருக்கற மாதிரி பிளான் குடுத்திருக்காங்க. அன்னைக்கு என்னெல்லாம் ரெடி பண்ணணும்? மேல தூக்கமே வராதுங்கறாங்களே, தூங்காம ஏற முடியுமா? உயரத்துல உடம்பு முடியாமப் போறதுக்குக் குடுக்கற டயமாக்ஸ் மாத்திரை போடலாமா?

பதில்: அது சும்மா இருக்கற நாள் இல்லங்க, மொத்த டிரிப்லயும் வேலை அதிகமான நாளே அதான். பேஸ் கேம்ப் கிட்டத்தட்ட 5100 மீட்டர், அங்க காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, 6250 மீட்டர் உச்சில பாதிக்கும் கீழ. இனிமே ஓடி, படி ஏறி ஸ்டாமினா கூட்டறதெல்லாம் நடக்காது. நடு ராத்திரி உச்சிக்கு ஏறறப்ப, கை மரத்து, மூளை மந்தமா இருக்கறப்ப செய்ய வேண்டி வர்ற ஒவ்வொரு சின்ன வேலையையும் முந்தின நாள் வெயில்லயே செஞ்சு முடிச்சிடணும், நம்மளால முடியறது அவ்ளோதான்.

முதல்ல கிராம்பான், அதான் பனில வழுக்காம இருக்க பூட்டுக்கு அடியில மாட்டற இரும்பு முள்ளு. டபுள் பூட் (உள்ள தனியா ஒரு இன்னர் ஷூ இருக்கற பனி பூட்) போட்டு, அதுமேல கிராம்பான மாட்டி, ஸ்ட்ராப் கட்டாம கால தூக்கிப் பாருங்க, கீழ விழாம பூட்டோட ஒட்டிக்கிட்டே வரணும், விழுந்தா நடுவுல இருக்கற பட்டைய அப்பவே அட்ஜஸ்ட் பண்ணுங்க. நான் முதல் தடவ லே கடைல வாடகைக்கு எடுத்தப்ப டிரெக்கிங் ஷூல போட்டுப் பாத்து சரியா இருக்குன்னு வாங்கிட்டு வந்துட்டேன், மேல போய் டபுள் பூட்ல மாட்டுனா நீளம் பத்தல. ராத்திரி மூணு மணி, கற்குவியல் முடிஞ்சு பனி ஆரம்பிக்கற எடம், கிளவுஸ கழட்டிட்டு அந்தச் சின்ன லீவர நகத்தால நெம்பி நெம்பி இருபது நிமிஷம் போச்சு, கூட வந்தவங்க எல்லாம் நின்னு நடுங்குறாங்க, கைடு ஒரு வார்த்தை திட்டல, அதான் இன்னும் கேவலமா இருந்துச்சு. ரெண்டு விரல் நுனி அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மரத்தே கெடந்துது. அதனால ஹார்னெஸ் (இடுப்புல கட்டற பாதுகாப்புப் பட்டை) போடறது, காராபினர் (கயித்துல கோக்கற கொக்கி) திறந்து மூடறது, ஜூமார் (கயித்தப் புடிச்சு மேல ஏற உதவற கைப்பிடி) கயித்துல மாட்டிக் கழட்டறது எல்லாத்தயும் தடி கிளவுஸ் போட்டுக்கிட்டே பத்து தடவ பண்ணிப் பாருங்க. டென்ட்ல வெறுங்கைல ஈஸியா வருதேன்னு விட்டுடாதீங்க.

சாயந்திரம் பேக் கட்டறப்ப ஹெட்லேம்ப் பேட்டரி, ஃபோன், கேமரா பேட்டரி எல்லாம் சிலீப்பிங் பேக் உள்ள போகணும், குளிர்ல சார்ஜ் சட்டுனு எறங்கிடும். பூட்டோட இன்னர் ஷூவும் உள்ளதான். டியூப்ல உறிஞ்சற தண்ணிப் பைய கேம்ப்லயே விட்டுடுங்க, கெளம்புன கொஞ்ச நேரத்துல டியூப் உறைஞ்சு போயிடும். பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, சாக்ஸ் மாட்டி, மூடி கீழ இருக்கற மாதிரி கவுத்து வைங்க, ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், அப்ப வாய்ப்பக்கம் அடைக்காது. சாக்லேட் பார் கல்லு மாதிரி ஆயிடும், கடலை மிட்டாய சின்னச் சின்னதா ஒடச்சு ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுக்கங்க, பேக்ல வச்சா யாரும் எடுத்துத் திங்க மாட்டாங்க. கருப்புக் கண்ணாடியும் பாக்கெட்லயே இருக்கட்டும், விடிஞ்சதும் பனில வெயில் அடிக்கறப்ப தேடிக்கிட்டு நிக்கக்கூடாது. கால் நகத்த ஒட்ட வெட்டிடுங்க, எறங்கறப்ப விரல் பூட்டோட மூக்குல இடிச்சு இடிச்சு நகம் கருத்துப் போயிடும்.

தூக்கம் பத்தி: வராது, பரவால்ல. கண்ண மூடுனா மூச்சு கொஞ்ச நேரம் நிக்கற மாதிரி இருந்து திடுக்குனு இழுத்துக்கிட்டு முழிப்பு வரும், அந்த உயரத்துல ரொம்ப பேருக்கு அப்படித்தான், பயப்படாதீங்க. அஞ்சு மணிக்கே சாப்ட்டு ஆறு மணிக்குப் படுத்துடுங்க, தூங்கலைன்னாலும் படுத்தே கெடங்க. ஒரு ராத்திரி தூங்கலைன்னு மலை ஏற முடியாமப் போறதில்ல. தூக்க மாத்திரை, சரக்கு ரெண்டும் வேண்டவே வேண்டாம், மூச்ச இன்னும் மட்டுப்படுத்தும்.

டயமாக்ஸ் பொதுவா 125 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, உயரம் ஏற ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளே தொடங்கறது. பேஸ் கேம்ப் வந்தப்புறம் பக்கத்து டென்ட்காரர் குடுத்தார்னு முதல் தடவயா போடறதுக்கான மாத்திரை இல்ல. ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. விரல் நுனி ஜிவ்வுனு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், அது பக்க விளைவுதான். ஆனா மாத்திரை மட்டும் நம்பாதீங்க, லே 3500 மீட்டர், அங்க ரெண்டு மூணு நாள் இருந்துட்டு, மார்க்கா பள்ளத்தாக்கு வழியா, பேஸ் கேம்புக்குக் கீழ இருக்கற நிமாலிங் வரைக்கும் மெதுவா நடந்து வர்றதுதான் நெஜமான மருந்து. அதுல ஒரு நாள மிச்சம் பிடிக்கறேன்னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

விரல்ல மாட்டற ஆக்சிஜன் மெஷின்ல 80 காட்டுதுன்னு சிலர் அழுதே நான் பாத்திருக்கேன். அந்த உயரத்துல அது சகஜம், கை சில்லுன்னு இருந்தா மெஷினே தப்பா காட்டும். நம்பர விட ஆளப் பாருங்க. ஒரு கோடு போட்டு குதிகாலும் விரலும் ஒட்டற மாதிரி அதுமேல நடக்கச் சொல்லுங்க, தள்ளாடுனா, பேச்சு கொழப்பமா இருந்தா, இல்ல சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்கி இருமுனா, விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே கைடோட கீழ எறக்கிடுங்க. லேசான தலைவலின்னா ரெஸ்ட் எடுங்க, தண்ணி குடிங்க, ஆனா அது போகாம மேல கெளம்பாதீங்க. கைடுகிட்ட மறைக்கறவங்கதான் அதிகம், காசு கட்டியாச்சேன்னு.

திரும்பற நேரத்தையும் அன்னைக்கு சாயந்திரமே கைடுகிட்ட கேட்டு முடிவு பண்ணிடுங்க. காலைல 10 மணின்னு சொன்னார்னா, உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் 10 மணிக்குத் திரும்பணும், வெயில் ஏற ஏற பனி எளகி கால் முட்டி வரைக்கும் புதையும், கீழ வர்றதுக்கும் கால்ல தெம்பு வேணும். அந்த டைம உங்க டென்ட்ல கூட இருக்கறவர்கிட்டயும் சொல்லி வைங்க, மேல போனப்புறம் உங்களுக்கு வாட்ச் பாக்கவே தோணாது.