சிறுநீரகம் செயலிழந்த நாயை எப்போது வழியனுப்புவது?

கேள்வி: எங்கள் நாயைக் காப்பகத்திலிருந்து, வளர்ந்த நாயாகத் தத்தெடுத்தோம். வயது பன்னிரண்டு, பதிமூன்று இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு முற்றிவிட்டது, ஊசி போட்டு வலியில்லாமல் உயிர் போகச் செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர். இன்னும் வாலாட்டுகிறானே என்று மனசு கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்டவன், நாங்களும் கைவிடுகிறோம் என்று நினைத்துக்கொள்வானா? எந்த நாள் என்று எப்படி முடிவு செய்வது? வீட்டில் இன்னொரு நாயும் இருக்கிறது.

பதில்: வாலை நம்பாதீர்கள். உங்களைக் கண்டால் கடுமையான வேதனையிலும் நாய் வாலாட்டும். சாப்பாட்டுத் தட்டைக் கவனியுங்கள். ஆசையாக வந்து, மோந்து பார்த்து, உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா? அது அடம் அல்ல, குமட்டல். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் வருவது. வாய்க்குள்ளும் பாருங்கள், புண் இருக்கலாம்.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: குமட்டலை அடக்கும் மருந்தும், தோலுக்கடியில் ஏற்றும் திரவமும் கொடுத்துப் பார்த்தாயிற்றா? இவற்றால் சில நாய்களுக்கு நல்ல நாட்கள் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டும் கொடுத்த பிறகும் தட்டைத் தொடவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். இடையில் பாவம் பார்த்து நீங்கள் போடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் போன்றவை மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண்; நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் அதிகம், வலிக்கும் அப்படியே, வலி குறைவென்றால் அதிகம். மொத்தம் 70க்கு 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கை ஓரளவு பரவாயில்லை என்று பொருள். மதிப்பெண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம் என்பேன். வீட்டில் இருவர் தனித்தனியாக, தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒருவர் மட்டும் போட்டால் பாசம் மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.

நாளைக் குறிக்கும்போது, கொஞ்சம் முந்திப்போனாலும் பரவாயில்லை, பிந்தக் கூடாது என்பதே என் கருத்து. ‘தானாகவே தூக்கத்தில் போய்விடட்டும்’ என்று பலர் காத்திருக்கிறார்கள். சிறுநீரக நோயில் அப்படி அமைவது அபூர்வம். வாந்தி, சில நேரம் வலிப்பு, நள்ளிரவில் மருத்துவரைத் தேடி அலைச்சல் என்றுதான் பெரும்பாலும் முடிகிறது.

அன்று நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மயக்க ஊசி. அவன் கண் அயர்ந்த பிறகு, மயக்க மருந்தையே மிக அதிக அளவில் இரத்தக் குழாயில் செலுத்துவார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். நீர்ச்சத்து குறைந்த நாய்க்கு இரத்தக் குழாய் எளிதில் கிடைக்காது. அதனால் ஊசிக்குழாயை முதலிலேயே பொருத்திவிடச் சொல்லுங்கள். கண் மூடாது. இறந்த பிறகும் ஒரு பெருமூச்சோ தசைத் துடிப்போ வரலாம், சிறுநீர் போகலாம். உயிர் இருக்கிறது என்று பதறாதீர்கள்.

கைவிடுகிறோம் என்று நினைப்பானா என்று கேட்டீர்கள். அந்த ஊசி எதற்கென்று அவனுக்குத் தெரியாது. அறிமுகமில்லாத இடம், அந்நிய வாசனை, பக்கத்தில் நீங்கள் இல்லாதது, இவைதான் தெரியும். காப்பகத்து நாய்களில் பல மருத்துவமனை வாசலிலேயே நடுங்கும். முடிந்தால் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கிளம்புவதற்கு முன் கொடுக்க, அவன் சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவில் பதற்றம் தணிக்கும் மாத்திரை கேட்டு வாங்குங்கள். கட்டணம், கையெழுத்தையெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள். தலைப்பக்கம் உட்கார்ந்து வழக்கமான குரலில் பேசுங்கள். உங்களால் தாங்க முடியாதென்றால் அவனுக்குப் பழகிய வேறொருவர் இருக்கட்டும்.

கடைசியாகப் போட்ட அந்த ஊசி மருந்து உடலிலேயே தங்கும், தோண்டித் தின்னும் விலங்கையும் கொன்றுவிடலாம். ஆகவே ஆழமாகப் புதையுங்கள், அல்லது எரியூட்டுங்கள்.

அதற்கு முன் இன்னொரு நாயை உடலை மோந்து பார்க்க விடலாம், ஊசி போட்ட இடத்தை மட்டும் நக்க விடாதீர்கள். 2022இல் வெளியான இத்தாலிய ஆய்வில், வீட்டு நாய்களில் ஒன்று இறந்தபின் மற்றதன் நடத்தை மாறியதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறையும், தூக்கம் கூடும், உங்களையே சுற்றி வரும். சாப்பாட்டு நேரத்தையும் நடைநேரத்தையும் மாற்றாதீர்கள். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால், துக்கம்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.