செல்லப் பிராணி கேள்வி-பதில்: பிளேக்கி ஏன் உறுமினான்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் பிளேக்கிக்கு 12 வயது. லாப்ரடாரும் கம்பத்து நாயும் (நாட்டு நாய்) கலந்தவன், 36 கிலோ இருக்கிறான். என் கணவர் இருந்தவரை தினமும் காலையில் அவரோடு ஆயர் ஈத்தாம் மார்க்கெட் வரை நடந்து போவான். அவர் தவறி இரண்டு வருடமாகிறது. இப்போது காலையில் எழுந்து நிற்கவே ஐந்தாறு தடவை முயற்சி செய்கிறான். பின்னங்கால்கள் டைல்ஸில் வழுக்கி விரிந்துகொள்கின்றன. காடி நிறுத்தும் இடத்துக்கு இரண்டே படிதான், அதன் முன்னால் நின்று தயங்குகிறான். போன வாரம் பேரன் அவன் இடுப்பைத் தடவியபோது உறுமிவிட்டான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் உறுமியதில்லை. மகன், "வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்கிறான். பக்கத்து வீட்டில் பெனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கச் சொல்கிறார்கள், கோடாலித் தைலம் தேய்க்கவும் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, இரண்டையும் செய்யாதீர்கள். பெனடோல் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். அளவு கூடினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியையே இழந்துவிடும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம், அதற்கு ஒரு மாத்திரையே எமன். நாம் மூட்டு வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் வேண்டாம், அவை நாயின் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். தைலத்தை நீங்கள் தேய்த்த அடுத்த நிமிடம் அவன் நக்குவான். அதிலிருக்கும் கற்பூரமும் மெந்தோலும் வயிற்றுக்குள் போகக்கூடாதவை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த உறுமல்தான். பேரன் மேல் பிளேக்கிக்குக் கோபம் ஒன்றுமில்லை. தொட்ட இடம் வலித்திருக்கிறது, அதைச் சொல்ல அவனுக்கு வேறு வழியில்லை. நாய்க்கு வலித்தால் கத்தும் என்று நாம் நினைக்கிறோம். காலில் முள் குத்தினால் கத்தும். மாதக்கணக்காக வலிக்கும் மூட்டுக்குக் கத்தாது. ஒவ்வொரு காரியமாகச் சத்தமில்லாமல் விட்டுவிடும். முதலில் சோபாவில் ஏறுவதை விடும், அப்புறம் படி இறங்குவதை, அப்புறம் வாசலுக்கு ஓடி வருவதை.

என் நாய் மணி அப்படித்தான் வாசலுக்கு வருவதை விட்டான். அடுத்தவர்கள் நாயைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வரும் எனக்கு, அவன் படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டியது போதுமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போதுதான் கைக்குத் தெரிந்தது, வலது தொடையில் சதையே இல்லை. எட்டு மாதம் அவன் வலியோடு இருந்திருக்கிறான். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் "வயசாயிடுச்சு" என்று யார் சொன்னாலும் நான் விடுவதில்லை.

நீங்களும் இன்றைக்கே பாருங்கள். பிளேக்கி நிற்கும்போது பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் மெதுவாகப் பிடியுங்கள். ஒரு பக்கம் இளைத்திருந்தால், அந்தக் காலில் அவன் பாரத்தைக் குறைத்துத்தான் போடுகிறான் என்று அர்த்தம். பிறகு பாதத்தைப் பாருங்கள். பின்னங்கால் நகங்களின் மேல்பக்கம் உரசித் தேய்ந்திருந்தால், அல்லது பாதம் மடங்கி முதுகுப்புறமாகத் தரையில் பட்டால், அது மூட்டை விட நரம்புக் கோளாறாக இருக்கலாம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, கைத்தொலைபேசியில் அவன் காலையில் எழுந்திருப்பதை ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் பயத்தில் எல்லா நாயும் ஒழுங்காக நடந்து காட்டிவிடும்.

அங்கே மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். இந்த வயதில் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான்: மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து போகிறது. உடம்பு அதைச் சமாளிக்க ஓரங்களில் புது எலும்பை வளர்க்கிறது, அதுவே மூட்டை இறுக்கிவிடுகிறது. லாப்ரடார் மாதிரிப் பெரிய இனங்களில் தொடை எலும்பின் தலை வளரும்போதே இடுப்பு மூட்டின் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் போவதும் உண்டு. இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் நாயை இப்படிக் கால் விறைக்க வைக்கும். அதோடு, வலி மருந்து தொடங்கும் முன் கல்லீரலும் சிறுநீரகமும் எப்படியிருக்கின்றன என்று தெரிய வேண்டும்.

நாய்க்கென்றே கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். போன முறை வாங்கிய மாத்திரை மிச்சம் இருக்கிறதே என்று அதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் மருந்துக்கு முன்னால் உங்கள் தரையைச் சரிசெய்யுங்கள் என்பேன். டைல்ஸ் தரையில் வலிக்கிற காலோடு எழுந்திருப்பது, எண்ணெய் சிந்திய இடத்தில் நாம் எழுந்திருப்பது மாதிரி. வழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டு மறுபடி அடிபடுகிறது. குழந்தைகள் விளையாட, ஒன்றோடொன்று கோத்துப் போடும் நுரைப் பாய் கடையில் கிடைக்கும். அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ஒரு பாதை மாதிரி போடுங்கள். வீடு முழுக்கத் தேவையில்லை. மணிக்கு நான் போட்டது பச்சையும் மஞ்சளுமாகப் பார்க்கச் சகிக்காது, ஆனால் மூன்றாம் நாளே அவன் அந்தப் பாதையை விட்டு இறங்காமல் நடக்கக் கற்றுக்கொண்டான். நகத்தை வெட்டுங்கள், பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியையும் கத்தரியுங்கள். வெறும் சிமெண்டில் படுக்க விடாமல் தடித்த மெத்தை ஒன்று போடுங்கள். அந்த இரண்டு படிக்கு, மேலே ரப்பர் பாய் ஒட்டிய சாய்வுப் பலகை போதும்.

அதுவரை படி இறக்க உங்கள் கணவரின் பழைய கைலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடியுங்கள். தூக்க வேண்டாம், பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டால் போதும். ஆண் நாய் என்பதால் சிறுநீர் போகும் இடத்தைத் துணி அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எடை. 36 கிலோ அவன் கால்களுக்கு அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு கையை விரித்து, அதன் புறங்கையை மறுகை விரல்களால் தடவிப் பாருங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்படும். அவன் விலாவும் அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. லாப்ரடார் குட்டிகள் 48-ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 விழுக்காடு குறைவாகச் சாப்பாடு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. எந்த மருந்தும் இதற்கு ஈடில்லை. மாதம் ஒரு கிலோ வீதம் மெதுவாகக் குறையுங்கள். பசியாறும் நேரத்தில் வீட்டில் ஆளுக்கொரு துண்டு ரோத்தி சானாய் போடுகிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் எடை அங்கேதான் ஏறுகிறது. குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது.

நடையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மிச்சமிருக்கும் சதையும் போய்விடும். மார்க்கெட் வரை வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். நம் ஊரில் ஏழு மணிவாக்கில் விடிகிறது, வெயில் ஏறுவதற்குள் முதல் நடை முடிந்துவிட வேண்டும். வேகத்தை அவன் முடிவு செய்யட்டும். வழியில் எதையாவது நின்று மோந்து பார்த்தால் கயிற்றை இழுக்காதீர்கள்.

பேரனிடமும் சொல்லிவையுங்கள், தலையைத் தடவலாம், இடுப்பைத் தொடக்கூடாது என்று.

கேள்வி: எங்கள் 10 வயது ஷிட்சுவுக்கு நான் சாப்பிடும் குளுக்கோசமின் மாத்திரையையே கொடுக்கலாமா? நடக்கும்போது சில சமயம் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போகிறது.
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, உங்கள் மாத்திரையில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கலாம். அது நாய்க்கு விஷம், அதனால் வேண்டாம். நாய்க்கென்று விற்கும் குளுக்கோசமினால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் நான் கண்டதில்லை. காசு செலவழிப்பதானால் மீன் எண்ணெய்க்குச் செலவழியுங்கள், எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. நீங்கள் சொல்லும் அந்தத் தத்து நடை, சின்ன இனங்களில் பெரும்பாலும் முழங்கால் சில்லு இடம் விலகுவதால் வருவது. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

கேள்வி: டாக்டர், எங்கள் அல்சேஷன் ராணிக்கு 14 வயது. மருந்து, பாய், கைலி எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. இரண்டு மாதமாக எழுந்திருக்க முடியவில்லை, படுத்த இடத்திலேயே சிறுநீர் போகிறது. ஊசி போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் டாக்டர். அம்மா அது பாவம் என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, உங்கள் அம்மாவிடம் நான் தர்க்கம் செய்ய மாட்டேன். ஒரு காலண்டரை எடுத்து ராணி பக்கத்தில் மாட்டுங்கள். இரவு படுக்கும் முன் அம்மாவும் நீங்களும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்கு ராணி ஆசையாகச் சாப்பிட்டதா? குரல் கேட்டுத் தலையைத் தூக்கியதா? வலியில்லாமல் தூங்கியதா? ஆமாம் என்றால் ஒரு வட்டம், இல்லையென்றால் ஒரு கோடு. இரண்டு வாரத்தில் கோடுகள் கூடிவிட்டால் அம்மாவே சொல்வார்.

அந்த ஊசி மயக்க மருந்துதான், அளவு மட்டும் அதிகம். முதலில் தூக்கம் வரும், பிறகு மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாமல் திறந்தே இருக்கலாம், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சிலர் வருவார்கள். ராணி படுத்திருக்கும் அதே மெத்தையில், உங்கள் கை அதன் தலையில் இருக்கட்டும். அறையை விட்டு வெளியே போய்விடாதீர்கள், கடைசி வரைக்கும் அது உங்களைத்தான் தேடும்.

அன்றைக்குக் காலையில் அதற்குப் பிடித்த கோழிச் சோற்றை எலும்பு எடுத்துக் கொஞ்சம் ஊட்டிவிடுங்கள். அன்றைக்கு எடைக் கணக்கு வேண்டாம்.