உளி தீட்டுவதிலிருந்து பாலிஷ் வரை: வீட்டு மரவேலை கேள்வி பதில்

விடுமுறை நாட்களில் வீட்டிலேயே மரவேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: சார், மரவேலை கற்றுக்கொள்ள ஆசை. முதலில் எந்த மெஷின் வாங்கலாம், சர்க்குலர் ரம்பமா, மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டரா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பலகையை நீளவாக்கில் அறுப்பது, கனத்தை இழைத்து ஒரே அளவாக்குவது எல்லாவற்றையும் மரவாடியிலேயே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அளவை எழுதிக் கொண்டுபோனால் போதும். வீட்டுக்கு ஒரு நல்ல கைரம்பம், அரை அங்குலத்தில் ஒன்றும் ஒரு அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டு உளி, ஒரு இழைப்புளி, மூலைமட்டம், நாலு கிளாம்ப். மிச்சப் பணத்தைத் தீட்டுக்கல்லில் போடுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தள்ளிப்போடுவது இந்தத் தீட்டுகிற வேலையைத்தான். கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக வராது. ஆயிரம் கிரிட் கல்லை நனைத்து, முதலில் உளியின் முதுகை, அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கத்தை, தேயுங்கள். முனையை ஒட்டி ஓரங்குலமாவது துல்லியமாகச் சமமாக வேண்டும். அப்புறம் சரிவுப் பக்கம், சுமார் 25 டிகிரியில். முதுகுப் பக்கம் விரலை வெளிநோக்கித் தடவினால், முனை நெடுக ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வந்த பிறகுதான் திருப்பிப் போட்டுப் பிசிறை எடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்க, பைன் கட்டையின் குறுக்கு வெட்டு முனையைக் கையாலேயே சீவுங்கள். நார் நசுங்கிப் பொடியாக உதிர்ந்தால் இன்னும் தீட்டணும். மெல்லிய சீவலாக வந்து, சீவின இடம் பளபளத்தால் உளி தயார்.

திண்டுக்கல்லிலிருந்து: அண்ணா, வாகைப் பலகையை இழைத்தால் சில இடத்தில் வழுவழு என்று வருகிறது, சில இடத்தில் நார் பெயர்ந்து குழியாகிறது. இழைப்புளி சரியில்லையா?

இழைப்புளி மேல் பழி போடாதீர்கள் தம்பி. பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். நார்க்கோடுகள் எந்தப் பக்கம் மேலேறிப் போகின்றனவோ அந்தத் திசையில்தான் இழைக்க வேண்டும். வாட்டத்துக்கு எதிராகத் தள்ளினால் அலகு நாருக்கு அடியில் நுழைந்து நெம்பிவிடும். வாகையில் சிக்கல் என்னவென்றால், அதன் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமுமாகப் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்கேயாவது பெயரும். அலகை நன்றாகத் தீட்டி, துளி மட்டும் வெளியே விட்டு, இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். கடைசியில் ஸ்கிரேப்பர் தகட்டால் சுரண்டினால் மிச்சமும் சரியாகிவிடும். உப்புத்தாளை மட்டும் நம்பினால் அந்தக் குழி போகாது.

சென்னையிலிருந்து: ஐயா, நானே செய்த தேக்கு சாப்பாட்டு மேசை. நாலு பலகை ஒட்டி, மூன்றடி அகலம். கீழே சட்டத்தில் பசை போட்டுச் சுற்றிலும் ஸ்குரூ அடித்தேன். ஏசி அறைக்கு மாற்றியதும் நடுவில் வெடித்துவிட்டது. பசை மட்டமா?

பசை நன்றாகவே பிடித்திருக்கிறது. அதனால்தான் வெடித்தது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். வாங்கும்போது அகலத்தில் விரியும், விடும்போது சுருங்கும். நீளத்தில் இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. மூன்றடி அகலத் தேக்கு, ஐப்பசி மழைக்கும் ஏசி அறைக்கும் நடுவே நாலைந்து மில்லிமீட்டர் கூடிக் குறையலாம். அதைச் சட்டத்தோடு அசையாமல் கட்டிப்போட்டால், சுருங்க வழியில்லாமல் பலம் குறைந்த இடத்தில் பிளந்துகொள்ளும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மேல்பலகையைக் கழற்றுங்கள். பசையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பலகையை ஏசி அறையிலேயே சில வாரம் வைத்து அங்குள்ள ஈரத்துக்குப் பழக விடுங்கள். அப்புறம் வெடிப்பின் கோட்டிலேயே நேராக அறுத்து, விளிம்பு இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். வெடிப்பில் மக்கு (புட்டி) அடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பிதுங்கி வெளியே வரும். திரும்பப் பொருத்தும்போது சட்டத்தில் பசை கூடாது. ஸ்குரூ போகும் துளையை, பலகையின் அகலம் எந்தத் திசையோ அந்தத் திசையில் நீள்துளையாக்கி, வாஷர் வைத்து முடுக்குங்கள். ஸ்குரூ பலகையைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும், பக்கவாட்டில் நகர விடும்.

பழைய வீட்டுக் கதவுகளைப் பாருங்கள். சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) நடுப்பலகை பசையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். நம் தச்சர்கள் மரத்துக்கு அசைய இடம் விட்ட அழகு அது. எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மரியாதை கூடுகிறது.

நாகர்கோவிலிலிருந்து: அரக்கு (ஷெல்லாக்) பாலிஷ் போட்டேன். மழை நாளில் போட்டதாலோ என்னவோ, மேலே வெள்ளைப் படலம். எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா அண்ணே?

வேண்டாம். பாலிஷில் உள்ள ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. அதுதான் வெள்ளை. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பஞ்சை வைத்துக் கட்டிய துணிப்பொட்டலத்தை ஸ்பிரிட்டில் லேசாக ஈரமாக்கி, ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலாக ஓட்டுங்கள். அரக்கு கரைந்து மறுபடி படியும், வெள்ளை போய்விடும். அரக்கின் பெரிய வசதியே இப்படி எப்போது வேண்டுமானாலும் சரிசெய்ய முடிவதுதான். ஆனால் சூடான டம்ளர் வைக்கிற மேசைக்கு அது தாங்காது. அங்கே பாலியூரித்தேன் வார்னிஷ் போடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, புளியங்கட்டையில் காய்கறி வெட்டும் பலகை செய்திருக்கிறேன். நல்லெண்ணெய் தேய்க்கலாமா?

மரத் தேர்வு அருமைம்மா. கறிக்கடைகளில் புளியங்கட்டை வைத்திருப்பது காரணமாகத்தான். அது கெட்டியான, அடர்த்தியான மரம். எண்ணெய் மட்டும் மாற்றுங்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மரத்துக்குள் நன்றாகக் காயாது, நாளானால் சிக்கு வாடை வரும். மருந்துக்கடையில் லிக்விட் பாராஃபின் வாங்கி, மரம் உறிஞ்சும்வரை தேய்த்து, மறுநாள் துடைத்துவிடுங்கள். வெளுத்துத் தெரியும்போதெல்லாம் மறுபடி தேய்க்கலாம். ஹார்டுவேர் கடை ‘டபுள் பாயில்டு’ ஆளிவிதை எண்ணெய் சாப்பாட்டுப் பலகைக்கு ஆகாது. சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருப்பார்கள்.

காரைக்குடியிலிருந்து: தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை. மேலே நாலைந்து பூச்சுப் பெயிண்ட். சாண்டர் (உப்புத்தாள் மெஷின்) போட்டு எடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாண்டர் போட்டால் அந்தத் தூசி வீடெங்கும் படியும். குழந்தைகளுக்கு அது பெரிய கேடு. ஹீட் கன்னும் வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும், ஈரமாகவே சுரண்டி எடுங்கள். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி எல்லாம் அவசியம். சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. சுரண்டியதைத் தாளில் பிடித்துப் பையில் கட்டுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். முதலில் அடிப்பக்கம் ஒரு மூலையில் மட்டும் செய்து பாருங்கள். உள்ளே என்ன மரம் என்று தெரிந்த பிறகு மேலே எந்தப் பூச்சு என்று முடிவு செய்யலாம்.

கோவையிலிருந்து: ஸ்டூல் காலடியில் தினமும் மாவு மாதிரி உதிர்கிறது. கரையானா?

கரையான் என்றால் பெரும்பாலும் மண்புற்றுக் கோடு தெரியும். இது உளுப்பு வண்டு. மரத்தின் நடுவே உள்ள கெட்டியான வைரப் பகுதியை விட்டுவிட்டு, மாவுச்சத்து உள்ள வெளிறுப் பகுதியைத்தான் தின்னும். ரப்பர் மரத்தில் அதிகம். வண்டைக் கொல்லும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூச்சு உள்ள இடத்தில் இறங்காது. அதனால் பூச்சை எடுத்துவிட்டு, துளைகளில் சிரிஞ்சால் ஏற்றி, மரம் முழுக்கவும் தடவிக் காய விடுங்கள். அப்புறம் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் பூச்சுப் போடுங்கள். திறந்த மரத்துவாரத்தில்தான் அது முட்டையிடும்.

திருச்சியிலிருந்து: ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணி தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

முழுக்க உண்மை. அந்த எண்ணெய் காய்வதென்பது ஆக்சிஜனோடு சேர்வது, அதில் சூடு பிறக்கும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்த உடனே துணியைத் தண்ணீரில் முக்குங்கள். பிறகு வெளியே, ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.