டிக்கிக்குள் தண்ணீர்: டெயில் லேம்ப் கசிவு பற்றிய கேள்வி பதில்

மழைக்கு மறுநாள் டிக்கியைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும் ஈர வாடை பற்றித்தான் இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கிறது. டெயில் லேம்ப் ரப்பர் போயிருக்கும், சுற்றிலும் சிலிகான் அடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அடித்துவிடட்டுமா அண்ணா?

இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் தேங்கும் இடத்தை வைத்து அது நுழையும் இடத்தைச் சொல்ல முடியாது. உள்தகட்டின் மடிப்புகளையும் வயரிங் கட்டையும் பிடித்துக்கொண்டு தூரமாக ஓடி, எங்கே பள்ளமோ அங்கே இறங்கிவிடும். டெயில் லேம்ப் மட்டுமில்லை. டிக்கி கதவு ஓரத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், கூரைத் தகடுகள் சேரும் இடத்தில் பூசியிருக்கும் சீலன்ட், ஆன்டெனா அடிப்பகுதி, நம்பர் பிளேட் லைட்டுக்கு வயர் போகும் ரப்பர், பம்பருக்குப் பின்னால் உள்காற்று வெளியேறுகிற வென்ட் என்று சந்தேகப்பட நிறைய இருக்கிறது.

டிக்கியின் பக்கவாட்டு அட்டைகளைக் கழற்றுங்கள். உள்ளே துளி ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள். லேம்புக்குக் கீழேயும் பீடிங் ஓரத்திலும் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். பின்சீட்டை மடக்கிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், அது நல்ல ரப்பரைக்கூடத் தாண்டி உள்ளே போய்விடும். முதலில் பம்பர் மட்டம், அப்புறம் லேம்பின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு, பீடிங், கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடமாவது விடுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எதுவும் தெரியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் பழைய காரில் லேம்புக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பரை, அதாவது கேஸ்கட்டை, இரண்டு முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. மூன்றாம் முறை பவுடர் தூவிப் பார்த்தபோது, ஈரக்கோடு லேம்புக்கு ஒரு சாண் மேலேயிருந்து இறங்கி, லேம்பின் பின்னால் நட்டு மாட்டும் திருகுக் கம்பியான ஸ்டட்டைச் சுற்றிக்கொண்டு கீழே சொட்டியது. கூரை ஓர சீலன்ட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அவ்வளவுதான்.

சோதித்துவிட்டேன், லேம்ப் ஓரம்தான். கேஸ்கட் மாற்றவா, சீலன்ட் போதுமா?

லேம்பைக் கழற்றி முதலில் பழைய கேஸ்கட்டை நிதானமாகப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும். அப்பளம் மாதிரி தட்டையாகி, பளபளவென்று இறுகியிருந்தால் அதன் காலம் முடிந்தது. வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புக்குக் குறுக்காக ஒரு அழுக்குக் கோடு ஓடுகிறதா? அதுதான் தண்ணீர் வந்த வழி. அந்தக் கோட்டுக்கு நேராக பாடியிலும் பாருங்கள். பெயின்ட் உப்பியிருக்கலாம், துரு பிடித்திருக்கலாம். அதைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிட்ட பிறகே புது கேஸ்கட்.

உங்கள் மாடலுக்கான கேஸ்கட் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப், அதாவது பிசின் மாதிரி ஒட்டும் மெத்தென்ற ரப்பர் பட்டை. அது இறுகிக் கல்லாகாது, அடுத்த முறை லேம்பைக் கழற்றும்போது இழுத்தால் வந்துவிடும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். தின்னர் மட்டும் கூடாது, லென்ஸில் பொடி வெடிப்பு விழும். ஸ்டட் நுழையும் ஓட்டைகளுக்கு என்று தனிச் சின்ன ரப்பர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

சிலிகான் அடித்தே ஆக வேண்டும் என்றால் நியூட்ரல் வகை. வினிகர் வாடை வருவது அசிட்டிக் வகை, வெறும் தகட்டில் பட்டால் அரிக்கும்.

நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கசிகிறதே என்று பலம் கொடுத்து முறுக்கினால் ஸ்டட் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட்டு, அது வழியாகவே தண்ணீர் வரும்.

புது கேஸ்கட் போட்டும் ஒரு மூலையில் கசிகிறது. அந்தப் பக்கம் முன்பு இடிபட்டு டிங்கரிங் செய்தது.

அப்படியானால் லேம்ப் உட்காரும் இடம் சமமாக இருக்காது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சரடாக உருட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, கேஸ்கட் இல்லாமல் லேம்பை மாட்டிக் கழற்றுங்கள். எந்த இடத்தில் களிமண் நசுங்காமல் தடிமனாக நிற்கிறதோ அங்கே இடைவெளி. கொஞ்சம் என்றால் அந்த மூலைக்கு மட்டும் பியூட்டைல் கூடுதலாக வைக்கலாம். அதிகம் என்றால் தகட்டைத்தான் திருத்த வேண்டும்.

ஹெட்லைட் உள்ளே பனி படிகிறது. அதுவும் கசிவா?

மெல்லிய பனி மட்டும் படிந்து, லைட் போட்டு ஓட்டியதும் கலைந்துவிட்டால் பயமில்லை. ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா இல்லை, அதில் மூச்சுவிடச் சின்ன வென்ட் இருக்கும். துளித்துளியாக நின்றாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோதான் கசிவு. முதலில் பின்பக்க மூடியைப் பாருங்கள். பல்ப் மாற்றியவர் சரியாக மாட்டாமல் விட்டிருப்பார், அல்லது எல்ஈடி பல்ப் நீளமாக இருந்து மூடி உட்காராமல் இருக்கும். ஹாலோஜன் மாதிரி எல்ஈடி லென்ஸைச் சூடாக்காது, அதனால் பனியும் சீக்கிரம் கலையாது. அடுத்தது வென்ட் அடைப்பு. தயவுசெய்து அதன் மேல் சீலன்ட் பூசாதீர்கள்.

தண்ணீர் வடிய லேம்ப் அடியில் ஓட்டை போடலாமா?

வேண்டாம். தண்ணீர் போகும் வழியில் தூசி வரும், ரிஃப்ளெக்டர் மங்கிவிடும்.

பிரேக் அழுத்தினால் அதே பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது.

எர்த் போயிருக்கும். ஈரத்தில் ஹோல்டரும் எர்த் முனையும் பச்சை பூத்திருக்கும். திரும்பி வர வழியில்லாத கரன்ட், பக்கத்து பல்ப் வழியாக வழி தேடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனரும் சின்ன பிரஷும் வைத்துத் தேய்த்து, எர்த் போல்ட்டின் அடியில் பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் வருகிறவர் உங்கள் பிரேக் லைட்டை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறார்.

ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடியைக் கழற்றியே வைத்துக்கொள்ளலாமா?

சரிசெய்யும்வரை ஓரிரு நாள், வண்டி நிற்கும்போது மட்டும். ஓட்டும்போது ரோட்டுத் தண்ணீரோடு சைலன்சர் புகையும் அந்த வழியாக உள்ளே ஏறலாம்.

கசிவு நின்றுவிட்டது, வாடை போகவில்லை.

மேலே இருக்கும் கார்ப்பெட் காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் ஃபெல்ட் காய்ந்திருக்காது. கையால் பிழிந்து பாருங்கள். அதை முழுவதும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். தகட்டின் இணைப்புகளில் துரு இருந்தால் அப்போதே கவனியுங்கள். ஒரு வாரம் அட்டைகளை மாட்டாமல் விட்டு, ஒரு நல்ல மழை பார்த்துவிட்டு மாட்டுங்கள்.