செல்லுக்கு வயதானால் புற்றுநோய் எப்படி வரும்?

கேள்வி: வயது 52. இருபது வருடமாகப் பாக்கெட் பாக்கு போடுகிறேன். இப்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை, காரம் பட்டாலே எரிகிறது. பல் மருத்துவர், 'உட்கன்னம் நார்போல இறுகிவிட்டது, அங்கே செல்கள் மூப்படைந்துவிட்டன, விட்டால் புற்றுநோய் வரலாம்' என்கிறார். வயதாகி வளராமல் நின்றுபோன செல்லிலிருந்து புற்றுநோய் எப்படி வரும்? மூத்த செல்களை நீக்கும் என்று மகன் குவெர்செட்டின் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறான். சாப்பிடலாமா?

பதில்: நியாயமான சந்தேகம். 1961-ல் ஹேஃபிளிக், மூர்ஹெட் என்ற இருவர் மனிதச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஐம்பது முறை போலப் பிரிந்ததும் அவை நின்றுவிட்டன. சாகவுமில்லை, பெருகவுமில்லை. டி.என்.ஏ. பழுதானாலும் செல் இப்படித் தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்ளும். இது நமக்கு நல்லதுதான். உங்கள் கையிலுள்ள மச்சத்தையே பாருங்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் காணப்படும் அதே பிராஃப் மரபணு மாற்றம் பல சாதாரண மச்சங்களிலும் உண்டு. ஆனாலும் அவை மிளகளவு வளர்ந்து, ஆயுசுக்கும் அப்படியே கிடக்கின்றன. அதற்கு இந்த பிரேக்கும் ஒரு காரணம்.

ஆனால் நின்றுபோன செல் சும்மா இருப்பதில்லை. அழற்சியைக் கிளப்பும் பொருட்கள், சுற்றியுள்ள திசுவை அரிக்கும் என்சைம்கள், பக்கத்துச் செல்லை 'வளர், வளர்' என்று உசுப்பும் புரதங்கள் என்று எதையாவது கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஜூடித் காம்பிசியின் குழு 2008-ல் இதை விரிவாகக் காட்டியது. இளவயதில் நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றை அப்புறப்படுத்திவிடும். வயதாக ஆக அந்த வேலை சுணங்கி, இவை தேங்கிவிடுகின்றன. ஆக, புற்றாக மாறுவது பெரும்பாலும் மூத்த செல் அல்ல. ஏற்கெனவே பழுதோடு பக்கத்தில் இருக்கும் இன்னொரு செல்.

உங்கள் கன்னத்தில் நடப்பதும் இதுதான். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், உட்கன்னத் தோலுக்கு அடியிலுள்ள நார்ச்செல்களைக் கெடுத்து மூப்படைய வைக்கிறது. கொலாஜன் என்ற நார்ப்புரதம் குவிந்து கன்னம் விறைக்கிறது. மேல்தோல் செல்களோ தினமும் அதே பாக்குச் சாற்றில் ஊறுகின்றன. மேலிருந்து நஞ்சு, கீழிருந்து உசுப்பல். 'புகையிலை போடுவதில்லையே, வெறும் பாக்குதானே' என்று என்னிடமே பலர் சொல்வார்கள். வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்.

குவெர்செட்டின் வெங்காயத்தில் இருப்பதுதான். டாசடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் மூத்த செல்கள் குறைந்தன. அதை வைத்து, வாய்ப் புற்றுநோயைத் தடுக்க மனிதர்களுக்கு மாத்திரை விற்பது அவசரம். மகனின் அக்கறை புரிகிறது, மாத்திரை வேண்டாம்.

பாக்கை இன்றே நிறுத்துங்கள். இறுகிய திசு பழையபடி ஆகாது. ஆனால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். சாதாரணமாக மூன்றும் நுழைய வேண்டும். இன்று எத்தனை நுழைகிறது என்று குறித்துவைத்து மாதாமாதம் பாருங்கள். வாய் திறக்கும் பயிற்சியைப் பல் மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் வாயைக் காட்டுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காதீர்கள். பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை, எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு அரிசியளவு சதைதான் எடுப்பார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பயமுறுத்த ஊரில் நாலு பேர் இருப்பார்கள். அப்படியெல்லாம் பரவாது.